ஆறாத புண்ணும் மதியத் தூக்கமும்

1

போன மாதம் என் மேல் ஒரு புகார் வந்தது.

நான் வேலை செய்வது இங்கிலாந்தின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் நனைந்தே கிடக்கும் ஒரு சின்ன ஊரில். ஆறாத புண்களுக்கென்றே தனியாக நடக்கும் கிளினிக். அதில் நான் நர்ஸ். குதிகாலில் புண்ணோடு வந்த ஒரு மூதாட்டிக்குக் கட்டு மாற்றிக்கொண்டே, "பகலில் எந்த இடத்தில் படுத்துத் தூங்குவீர்கள்? அப்போது அந்த அறையில் வேறு என்னவெல்லாம் இருக்கும்?" என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். கூட வந்திருந்த மகளுக்குத்தான் உறுத்திவிட்டது. தன் தாய் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை என்று இந்த வெளிநாட்டு நர்ஸ் குத்திக்காட்டுகிறாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோபமே வராத மனிதர். இந்த நாட்டில் கோபம் வராதவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம். "இந்தக் கேள்வி நம் படிவத்தில் இல்லையே, ஏன் கேட்டீர்கள்?" என்றார். காரணத்தை எழுத்தில் தரச் சொன்னார். நாலு வரி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை. புகார் அத்தோடு முடிந்தது.

அந்த நாலு வரிக்குள் அடங்காத மீதியை, ஊரிலிருக்கும் உங்களுக்கு எழுதத் தோன்றியது. ஆங்கிலத்தில் எழுதினால் அது வெறும் மருத்துவக் குறிப்பாகிவிடுகிறது. இந்த மொழியோடு எனக்கு எப்போதும் ஒரு தகராறு உண்டு. வந்த புதிதில் ஒரு நோயாளியிடம் 'புண் ஆறிவிட்டது' என்று மனதுக்குள் தமிழில் நினைத்து, வாயால் 'உங்கள் புண் குளிர்ந்துவிட்டது' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது. பாதம் குளிர்ந்துபோனால் ரத்தம் ஓடவில்லை என்று அர்த்தம். காலை எடுக்கப்போகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டார். நமக்கு டீயும் ஆறும், கோபமும் ஆறும், புண்ணும் ஆறும். அவருக்கு அதை எப்படி விளக்குவது? மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காலுறையைப் போட்டுவிட்டேன்.

2

என் வேலை இன்னதென்று சொல்லாமல் மேலே போக முடியாது.

சாதாரணப் புண் தானாக மூடிக்கொள்ளும். மாதக்கணக்கில் மூடாமல் கிடப்பவைதான் எங்களிடம் வரும். சர்க்கரைக்காரர்களின் பாதம், படுக்கையில் கிடப்பவர்களின் இடுப்பு, ரத்தக்குழாய் கெட்டுப்போனவர்களின் கணுக்கால். எங்கள் அலமாரியில் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. கிருமி நீக்கிய தேன் தடவிய துணி இருக்கிறது. அழுகல் படிந்த, நாற்றமடிக்கும் புண்ணுக்கு அது நல்லது. கிருமி ஏறிய புண்ணுக்கு வெள்ளி கலந்த துணி. ஆழமான குழிப்புண்ணுக்கு ஓர் இயந்திரம்: பஞ்சு போன்ற ஒன்றைக் குழிக்குள் வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, குழாய் வழியாகப் புண்ணின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளங்கால் புண்ணுக்கு முழங்கால் வரை மாவுக்கட்டு. நடந்தாலும் பாரம் புண்ணின் மேல் இறங்காது.

புழுவும் உண்டு. சொன்னால் ஊரில் முகம் சுளிப்பீர்கள். ஆய்வகத்தில் கிருமியில்லாமல் வளர்த்த பொடிப் புழுக்களை டீத்தூள் பை மாதிரி ஒரு பைக்குள் வைத்து அனுப்புவார்கள். புண்ணின் மேல் சில நாள் கட்டி வைத்தால் செத்த சதையை மட்டும் கரைத்துத் தின்றுவிட்டு, உயிருள்ள சதையை விட்டுவிடும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் கட்டு போட்ட அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவை சாப்பிடுவது எனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவர் பாதத்தில் உணர்ச்சி இல்லை. "தெரியாது" என்றேன். அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை. "அதுதான் பயமாக இருக்கிறது" என்றார்.

எந்த மருந்து உசத்தி என்று எல்லோரும் கேட்பார்கள். இது செத்த சதைக்கு, அது கிருமிக்கு, இன்னொன்று ஈரத்துக்கு என்று நான் பிரித்துச் சொல்வேன். சொல்லும்போதே ஒன்று தெரியும்: புண்ணை ஆற்றுவது மருந்தல்ல, உடம்பு. நாங்கள் குறுக்கே கிடப்பதை எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான். குறுக்கே கிடப்பது என்னவென்று தெரியாவிட்டால் அலமாரி முழுவதையும் கொட்டினாலும் பயனில்லை.

3

நாலு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, திருப்பூர் தாராபுரம் ரோட்டிலிருந்து நங்கையா போன் பண்ணினார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம்.

"அம்மிணி, உங்கண்ணன் காலெ எடுக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க. மொழங்காலுக்குக் கீழயாம். நீ அங்க இதே வேலதான செய்யறே? ஒருக்கா வந்து பாரு சாமி."

அண்ணன் துரைசாமி என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா இல்லாத வீட்டில் என்னை நர்சிங் படிக்க வைத்தது அவர்தான். பனியன் துணி பின்னும் சில நிட்டிங் மெஷின்களை வாடகைக் கட்டடத்தில் போட்டு ஆரம்பித்து, பிறகு சொந்தக் கொட்டகைக்கு வந்தவர். நாள் முழுக்க நின்றே பழகிய கால்கள். சர்க்கரை அந்தக் கால்களின் நரம்பை ஓசைப்படாமல் தின்றுவிட்டிருந்தது. சித்திரை வெயிலில் கோயிலை வெறுங்காலோடு சுற்றி வந்திருக்கிறார். பாதம் வெந்தது அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு நங்கையா பார்த்திருக்கிறார், பெருவிரலுக்குக் கீழே தோல் வெள்ளையாக உப்பியிருந்ததை. அது உடைந்து, புண்ணாகி, ஒரு வருடமாக ஆறவில்லை.

விடுப்புக் கேட்டேன். 'நோயாளி உங்களைச் சார்ந்து வாழ்பவரா?' என்றது படிவம். இல்லை. 'நீங்கள் அவரைச் சார்ந்து வாழ்ந்ததுண்டா?' என்று எந்தக் கட்டமும் கேட்கவில்லை. எப்படியோ கொடுத்தார்கள். கிளினிக்கில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய உறிஞ்சு இயந்திரம் ஒன்றைக் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். சென்னை சுங்க அதிகாரி அதைப் பெட்டிக்குள்ளிருந்து தூக்கிப் பார்த்தார்.

"என்ன மெஷின் இது?"

"புண்ணுத் தண்ணிய உறிஞ்சறதுங்க. எங்கண்ணன் காலுக்கு."

"காலுக்கு எதுக்கும்மா மோட்டாரு?"

நோயாளியின் மருத்துவர் கடிதம் வேண்டுமென்றார். திருப்பூரிலிருந்து ஃபேக்ஸ் வரும்வரை கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். இங்கிலாந்தில் விட்டுவந்த பதிமூன்று வயது மகளுக்குப் போன் போட்டால், "அந்த ஃபுட் அங்கிள் செத்துப்போயிடுவாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பாதப் புண்ணை வைத்து அவள் சூட்டிய பெயர். மாமா என்ற சொல் அவளிடமிருந்து எப்போது நழுவியது என்று எனக்குத் தெரியவில்லை. திருத்த மனமில்லாமல் போனை வைத்தேன்.

4

அண்ணன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிரித்தார். காலை நீட்டிக் காட்டினார், வேறு யாருடைய பொருளையோ காட்டுவதைப் போல.

"வலிக்குதுங்களாண்ணா?"

"வலி இருந்தாத்தான கண்ணு புண்ணு? இது சும்மா தொறந்து கெடக்குது."

கட்டைப் பிரித்துப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த புண் இல்லை அது. ஆறாத புண்ணின் விளிம்பு தடித்து, வெளுத்து, காய்த்துப்போயிருக்கும். இதன் விளிம்பு ஓரிடத்தில் அப்படி இருந்தது. இன்னோரிடத்தில் நேற்று உண்டான காயம்போலப் புத்தம்புதுசாக, சிவப்பாக இருந்தது. ஒரே புண்ணுக்கு இரண்டு வயது. அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அவரைப் பார்த்துவந்த அறுவை மருத்துவர் நல்லவர், அவசரப்படாதவர். "ரத்த ஓட்டம் நல்லா இருக்குங்க. சுகரும் இப்பக் கட்டுக்குள்ள இருக்கு. ஆறியிருக்கணும். ஏன் ஆறலைன்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல," என்றார். "எலும்புக்குக் கிருமி போயிட்டுப் போயிட்டு வருது. இன்னொரு தடவை காய்ச்சல் வந்தா உயிருக்கே ஆபத்து. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. அப்புறம் என்னைத் தடுக்காதீங்க."

முதலில் வெள்ளித் துணி வைத்தேன். காலையில் கட்டினால் மறுநாள் காலைக்குள் கட்டு தளர்ந்து, ஒரு முனை எங்கோ போயிருந்தது. அடுத்துத் தேன். என் கிளினிக்கில் எத்தனையோ பேருக்குக் கைகொடுத்த தேன். அந்த நாட்களில்தான் புண் மிக வேகமாகப் பெரிதானது. அளந்து பார்த்துவிட்டு, தப்பாக அளந்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி அளந்தேன். பிறகு இயந்திரத்தை மாட்டினேன். காலை முழுக்க ஒழுங்காக முனகிக்கொண்டிருக்கும். சாயங்காலம் பார்த்தால் நின்றுபோயிருக்கும். பிளாஸ்டிக் தாளின் ஓரம் பொடிப்பொடியாகக் கிழிந்திருக்கும்.

"நீங்க பிச்சீங்களாண்ணா?"

"நா எதுக்குக் கண்ணு பிக்கறேன்? கீ கீன்னு கத்துச்சு. அமுத்தி நிறுத்திப்போட்டேன்."

நான் நம்பவில்லை. தன் புண்ணைத் தானே கிளறிக்கொள்ளும் நோயாளிகளை எனக்குத் தெரியும். கைக்குப் போக்குத் தேடி, அறியாமல் செய்வார்கள். அண்ணனின் நகங்களைப் பார்த்தேன். ஒட்ட வெட்டிச் சுத்தமாக இருந்தன.

நங்கையாவுக்கு வேறொரு விளக்கம் இருந்தது. "எவனோ செஞ்சு வெச்சுட்டான் அம்மிணி. இல்லாட்டி இத்தன மருந்துக்கும் அடங்காத புண்ணு உண்டுங்களா?" கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிற்றைக் கொண்டுவந்து அண்ணன் கணுக்காலில் கட்டினார். மறுநாள் சாயங்காலம் கயிறு காலில் இல்லை. முடிச்சு அவிழவில்லை, கயிறு அறுந்திருந்தது. அவர் வேட்டி மடிப்பில் சிக்கிக் கிடந்த அதைக் கையில் எடுத்துக்கொண்டு நங்கையா அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

அண்ணன் மட்டும் நாளுக்கு நாள் தெளிவாக இருந்தார். ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது என்னை அருகே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"யார்த்துட்டயும் சொல்லாத கண்ணு. கால்ல உணர்ச்சி வருது."

"எப்பங்ணா?"

"மத்தியானம் கண்ணசர்றப்ப. யாரோ மெல்லப் புடிச்சு இழுத்து உடறாப்பல இருக்குது. கெண்டக்காலு வரைக்கும் தெரியுது. எத்தன வருசம் ஆச்சு தெரியுமா, கீழ ஒரு காலு இருக்குதுன்னு தெரிஞ்சு?"

அவர் கண் கலங்கியிருந்தது. செத்த நரம்பு அப்படித் திரும்புவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. நல்லா ஓய்வெடுங்க, காலைத் தூக்கி வெச்சே படுங்க என்று மட்டும் சொன்னேன்.

5

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் வீட்டில் படுப்பதில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு குடோன் இருந்தது. பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும்போது விழும் துண்டுகளைக் கலர் கலராக அதில் குவித்து வைத்திருப்பார்கள். மெத்தையைவிட மெத்தென்றிருக்கும், குளிர்ச்சியாகவும் இருக்கும். அதில்தான் அவர் தூக்கம். பக்கத்தில் நிட்டிங் மெஷின்கள் ஓடும் இரைச்சல் அவருக்குத் தாலாட்டு.

சாத்தான்குளம் பக்கமிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் எஸ்தர், டீ கொடுக்க வந்தபோது ஒரு நாள் சொல்லியிருந்தாள். "அண்ணாச்சி தூக்கத்துல சிரிக்காவ யக்கா. எங்களுக்கு ஒரு மாரி இருக்கும். அந்நேரம் நாங்க அந்தப் பக்கமே போவ மாட்டோம்."

அன்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மத்தியானமே திரும்பிவிட்டேன். மாதக் கடைசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ரோட்டிலிருந்து கொட்டகைக்கு நடந்து வரும்போது கரண்ட் போனது. மெஷின்கள் ஒவ்வொன்றாகச் சுழன்று தளர்ந்து நின்றன. ஜெனரேட்டரைப் போட ஆள் வெளியே வருவதற்குள் ஒரு அமைதி விழுந்தது. திருப்பூரில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. அந்த அமைதிக்குள், குடோன் பக்கமிருந்து, துணி கிழிபடும் சின்னச் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

கதவு பாதி திறந்திருந்தது. மேலே கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் ஒரு சதுரமாக உள்ளே விழுந்திருந்தது. அண்ணன் துணிக் குவியலில் மல்லாந்து படுத்திருந்தார். நான் சொன்னபடியே காலை ஒரு மூட்டையின் மேல் உயர்த்தி வைத்திருந்தார். எஸ்தர் சொன்னது சரி, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தூக்கத்தில் குழந்தைகள் சிரிப்பதைப் போல.

பாதம் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. யாரோ கேட்கும் கேள்விக்கு ஆமாம், ஆமாம் என்று தலையாட்டுவதைப் போல.

கட்டு மலர்ந்து கிடந்தது. அதில் இரண்டு பெருச்சாளிகள். ஒன்று பின்னங்கால்களில் உட்கார்ந்து துணியின் நுனியை முன்கைகளால் சுருட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றின் தலை தெரியவில்லை. அது குனிந்திருந்தது. அது இழுக்க இழுக்கத்தான் பாதம் ஆடியது.

என்னை அறியாமல் கையைத் தட்டினேன். குனிந்திருந்தது நிமிர்ந்தது. பயப்படவில்லை. பழகிய இடத்தில் அந்நியர் ஒருவர் வந்துவிட்டதைப்போல என்னைப் பார்த்தது. பிறகு இரண்டும் அவசரமில்லாமல் துணிகளுக்குள் இறங்கிப் போயின.

அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"ஏங்கண்ணு எழுப்புனே? இப்பத்தான் நல்லா உணர்ச்சி வந்துச்சு."

6

எனக்கு மயக்கம் வரவில்லை. கை தன் வேலையைத் தானே செய்தது. புண்ணைக் கழுவினேன், கட்டினேன், காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அண்ணன் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே வந்தார். "டாக்டர் பாக்கோணும்னாருங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

மருத்துவரிடம் தனியாகச் சொன்னேன். அவர் பேனாவை மேஜையில் வைத்தார். "படிக்கிற காலத்துல தொழுநோய் ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன். உணர்ச்சியில்லாத கால், கைவிரல்... எலி கடிச்சிட்டுப் போயிருக்கும், காலையிலதான் தெரியும். இங்க கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை," என்றார். எனக்கும் தோன்றவில்லை. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, உலகத்தில் இருக்கும் மருந்தெல்லாம் எங்கள் இருவர் நினைப்பிலும் இருந்தன. மனிதர் எங்கே படுக்கிறார் என்பது மட்டும் இல்லை. ஊசிகள் போட்டார், மாத்திரை எழுதினார், அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் குடோனைக் காலி செய்தார்கள். நங்கையா வரவில்லை, விஷயத்தைக் கேட்டதிலிருந்து அவர் எதையும் சாப்பிடவில்லை. நான் நின்று பார்த்தேன். குவியலின் அடியில், சுவரோரம், ஒரு கூடு இருந்தது. துண்டுத் துணியால் கட்டிய கூடு அல்ல. என் வெள்ளித் துணியின் சாம்பல் நிறக் கீற்றுகள், கட்டுத்துணியின் நூல்கள், தேன் பட்டுப் பழுப்பேறிய பஞ்சு எல்லாவற்றையும் மெல்லியதாகக் கிழித்து, அழகாகச் சுற்றி வைத்திருந்தன. நடுவில் கண் திறக்காத, இளஞ்சிவப்பான குட்டிகள். என் அண்ணனின் புதுச் சதை எந்த நிறத்தில் வளருமோ அதே நிறம். வேலைக்காரர் கூட்டை மண்வெட்டியில் அள்ளினார். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

அண்ணனிடம் நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்வதாக இல்லை. வார்டில் அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் சொன்னேன். அவர் கத்துவார், வாந்தியெடுப்பார் என்று நினைத்தேன். குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"அப்ப அது உணர்ச்சி இல்லியா?"

"இல்லீங்ணா. அது இழுக்கறப்ப கெண்டக்காலு ஆடுது. அங்க கொஞ்சம் உணர்ச்சி மிச்சம் இருக்குது. அதான்."

"நா எத்தன நாளு சந்தோசமா இருந்தேன் தெரியுமா," என்றார். போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டார். எலிகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் சரி, பிறகும் சரி.

7

அதன் பிறகு நடந்ததெல்லாம் சாதாரண மருத்துவம். கெட்டுப்போன ஒரு விரலையும் கொஞ்சம் எலும்பையும் மருத்துவர் எடுத்தார். கால் தங்கியது. இயந்திரம் இந்தமுறை தடங்கலில்லாமல் ஓடியது. புண்ணின் குழி அடியிலிருந்து நிறைந்து வந்தது. கிருமி அடங்கியதும் முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டார். படுக்கை மாடி அறைக்கு மாறியது. சன்னலுக்குக் கம்பிவலை, கதவடியில் தகரம். தேன் மறுபடி தேனாகவும் வெள்ளி மறுபடி வெள்ளியாகவும் வேலை செய்தன. முன்பு தோற்றது எதுவுமே மருந்தின் தோல்வி அல்ல என்று அப்போதுதான் என் மனம் ஒத்துக்கொண்டது. எதைவிட எது உசத்தி என்று இப்போது யாராவது கேட்டால், முதலில் புண்ணைத் தனியாக இருக்க விடுங்கள் என்கிறேன்.

கேட்ட விடுப்பு போதவில்லை. நீட்டிக்கச் சொல்லி எழுதினேன். 'நோயாளியின் நிலை மாறியதற்கான காரணம்' என்றொரு கட்டம் இருந்தது. 'தொந்தரவு நீங்கியது' என்று நிரப்பினேன். சம்பளமில்லாமல் இருக்கச் சொன்னார்கள். மகள் போனில், "எப்போது வீட்டுக்கு வருவாய்?" என்று கேட்டாள். "வீட்டில்தான் இருக்கிறேன்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவளுக்குப் புரியவில்லையா, நன்றாகப் புரிந்துவிட்டதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. பிறகு, அப்பா மீன் பொரிப்பதைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கடைசி மாவுக்கட்டை வெட்டி எடுத்த அன்று, புண் இருந்த இடத்தில் வெங்காயச் சருகு மாதிரி ஒரு தோல் மூடியிருந்தது. நங்கையா குனிந்து பார்த்தார். தொட்டார். "ஆறிப்போச்சுங்க," என்றார் கணவரிடம். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அண்ணன் தன் உள்ளங்கையால் பாதத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைக்குக் கால் தெரிந்தது. காலுக்குக் கை தெரியவில்லை.

8

நான் கிளம்பிய அன்று, வேண்டாமென்றாலும் கேட்காமல், நங்கையாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் கோவை விமான நிலையம் வரை வந்தார். காலில், அவருக்கென்று அளவெடுத்துத் தைத்த பெரிய ஷூ. வீட்டிலிருந்து வரும் வழியில் கொட்டகையில் இறங்கி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்திருந்தார். காரிலிருந்து இறங்கியதும் வாசல் வரை என் பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு நடந்தார். நொண்டவே இல்லை. பார்த்தவர்கள், நல்ல திடமான மனிதர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பின்னால் நடந்த நான் அந்த நடையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என்னவோ சரியில்லை. வலது ஷூ ஒவ்வொரு அடிக்கும் மெல்லிதாக 'டிக்' என்றது.

"நில்லுங்கண்ணா. உக்காருங்க."

"நேரமாச்சு கண்ணு. ப்ளேன உட்டுப்போடுவே."

"உக்காருங்ணா."

வாசலோரத் திட்டில் உட்கார வைத்து ஷூவைக் கழற்றினேன். கவிழ்த்துத் தட்டியபோது உள்ளிருந்து ஒரு நிட்டிங் ஊசி பாதி வெளியே வந்து நின்றது. விரல் நீளமுள்ள, முனையில் கொக்கியுள்ள ஊசி. கொட்டகையில் தரையில் கிடந்தது எப்படியோ உள்ளே விழுந்திருக்கிறது. அதன் கொக்கி அவர் காலுறையின் ஒரு கண்ணியைப் பிடித்து, நூலை நீளமாக இழுத்து வைத்திருந்தது. எந்த வேலைக்காக அதைச் செய்தார்களோ அந்த வேலையை அது ஷூவுக்குள் இருட்டில் செய்துகொண்டிருந்திருக்கிறது.

காலுறையை உருவிப் பார்த்தேன். பாதத்தின் ஓரத்தில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு. தோல் கிழியவில்லை. புதுத் தோலுக்கு ஒரு விரல்கடை தள்ளிப் போயிருந்தது.

"தெரியவே இல்லீங்களாண்ணா?"

அண்ணன் ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் வாழ்நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் கையாண்ட ஊசி. "இல்ல கண்ணு," என்றார் சின்னக் குரலில். "சும்மா நடந்துட்டுத்தான் இருந்தேன்."

நங்கையா பயந்துபோய் அருகில் வந்து நின்றார். அவர் கையைப் பிடித்து ஷூவுக்குள் விட்டேன். அடி, ஓரம், நுனி என்று விரலால் தடவ வைத்தேன். "தெனமும் இப்படிங்க நங்கையா. அவரு போடறதுக்கு முன்ன. கண்ணுல பாத்தாப் பத்தாதுங்க, கையில பாக்கோணும்." அவர் தலையாட்டினார். உள்ளே செக்-இன்னுக்குக் கடைசி அழைப்புச் சொன்னார்கள். வாசல் காவலர், "மேடம், டிக்கெட்டக் காட்டிட்டு உள்ள போங்க," என்றார்.

அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, சொல்லாமலே மற்றக் காலையும் நீட்டினார். அந்த ஷூவையும் கழற்றி என் கையை உள்ளே விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. விரல் நுனி வரை போய்த் தடவினேன். ஒன்றுமில்லை. எடுத்த கையை மறுபடியும் உள்ளே விட்டுப் பார்த்தேன்.